ஒரு மணித்தியாலத்துக்கும் 180 நாளுக்கும் நடுவில்

தொழில் ஆணையாளர் நாயகம் அவர்கள்,
தொழில் திணைக்களம்,
நாரஹேன்பிட்டி, கொழும்பு 05.

பிரதி: தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம்

விடயம்: எனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று அறியத்தரக் கோரல்

பெருமதிப்பிற்குரிய ஐயா,

நான் மண்கும்பானில் நிரந்தர வதிவிடம் கொண்டவன். பண்ணைப் பாலம் கடந்து அல்லைப்பிட்டி கழிய வரும் ஊர். சாட்டிக்குக் கடல் குளிக்கப் போகிற சனம் வாகன யன்னலால் எங்களைப் பார்த்திருக்கும். மண்ணுக்குப் பேர்போன இடம். அந்த மண்ணை இராவிராவாக டிப்பரில் ஏற்றினவர்களுக்கு மட்டும் வேலையில்லை என்ற பேச்சு ஒருநாளும் வந்ததில்லை. அது உங்கள் திணைக்களத்து அலுவல் அல்ல, விட்டுவிடுகிறேன்.

வேலை இழந்தவர்களுக்குக் கொடுப்பனவு தரும் காப்புறுதி ஒன்று வரப்போகிறது என்று மேலிடத்தில் மாறி மாறிச் சொல்வதைக் கேட்டே எனக்குத் தலை நரைத்துவிட்டது. வருகிற நேரம் அந்தரப்படக்கூடாதே என்று என் தகைமையை இப்போதே பார்த்துவைக்க வெளிக்கிட்டேன். அங்கேதான் சிக்கல்.

புள்ளிவிபரக்காரரின் தொழிற்படை அளவீட்டின்படி, முந்தின கிழமையில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவர் தொழிலில் உள்ளவர். வீட்டாரின் தொழிலுக்குச் சம்பளமில்லாமல் கைகொடுத்தாலும் கணக்குத்தான். போன கிழமை அண்ணையின் கிழிந்த வலையைப் பொத்த இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்தேன். தேத்தண்ணி தந்தார். ஆகவே நான் தொழிலில் உள்ளவன், அதுவும் தேவையான அளவைப்போல இரண்டு மடங்கு. நாட்டின் வேலையின்மை ஐந்து வீதத்துக்குக் கீழே நிற்பதில் என் பங்கும் உண்டென்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

ஆனால் வேலை போய்விட்டது என்று உங்களிடம் வருவதற்கு வேறு கோல் வைத்திருக்கிறீர்கள். வேலைநீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தில் காப்புக் கேட்க, முந்தின 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அந்த இடத்தில் சராசரி 15 பேராவது வேலை செய்திருக்கவும் வேண்டும். 1983இன் பணிக்கொடைச் சட்டத்துக்கும் அதே 15 பேர், அதோடு ஐந்து வருடச் சேவை.

வேலை இருக்கிறதென்று எழுத ஒரு மணித்தியாலம். இழந்தேன் என்று சொல்ல 180 நாள். என் விலாசம் இந்த இரண்டுக்கும் நடுவில்.

நான் கட்டட வேலைக்குப் போகிற கொந்தராத்துக்காரரிடம் 14 பேர். எப்போதும் 14. பதினைந்தாவது ஆள் தேவைப்பட்டால் மச்சானின் பெயரில் இன்னொரு கொந்தராத்து முளைக்கும். ஐந்தாம் மாதம் முடிகிற மட்டில் என்னைப் பார்த்து, "தம்பி, கொஞ்ச நாள் நில்லும், சொல்லி அனுப்புறன்" என்பார். மனுசன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர், உங்கள் சட்டத்தை எந்தச் சட்டத்தரணியை விடவும் நன்றாக விளங்கி வைத்திருக்கிறார்.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இதைவிடத் தாராளம். 1958இலேயே வந்தது. நாட்கூலிக்கும் உண்டு, தற்காலிகக்காரருக்கும் உண்டு, ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தாலும் உண்டு. என்னில் 8 வீதம், முதலாளியில் 12. 1980க்குப் பிறகு நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3. "அண்ணை, ஈ.பி.எப்..." என்று ஒருநாள் வாயெடுத்தேன். உடனே அவருக்கு நெட்வேர்க் போய்விட்டது. நாங்கள் நேரிலேதான் கதைத்துக்கொண்டிருந்தோம்.

காகிதம் இருந்தால் மட்டும் என்ன? என் அப்பா காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் இலக்கம், அட்டை எல்லாத்தோடும் வேலைசெய்தவர். 1990இல் ஆலை நின்றது. அதே வருடம் ஊரைவிட்டு ஓடின ஓட்டத்தில் அட்டையும் போயிற்று. அவர் வேலை செய்ததற்கு மிஞ்சின அத்தாட்சி கடைசி வரைக்கும் அவரோடு இருந்த இருமல் ஒன்றுதான்.

கடலுக்கும் போயிருக்கிறேன், சம்மாட்டி ஒருவரிடம் பங்குக்கு. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஒரே தாவில் ஏறியது. படகைக் கரையில் ஏற்றிவிட்டோம். அன்றைக்கு எனக்கு வேலை போனது உண்மை, ஆனால் நீக்கினது யார்? சம்மாட்டி நீக்கவில்லை, அவரும் எனக்குப் பக்கத்தில் அதே மணலில்தான் குந்தியிருந்தார். முதலாளியின் கடிதம் கொண்டுவா என்றால், பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமா போய்க் கேட்க?

கனடாவின் ஸ்காபரோவில் எனக்கு ஒரு மச்சான். வேலை இழந்தவர் காப்புறுதிக் காசு கேட்க அங்கத்தைய விதியை அவர்தான் சொன்னார். சாதாரண வேலைக்காரருக்கு ஒரு வருடத்தில் 420 தொடக்கம் 700 மணித்தியாலம். வேலை கிடைப்பது அரிதான பகுதியென்றால் கேட்கிற மணித்தியாலமும் குறையும். இந்த ஒரு வரியைத் தயவுசெய்து இரண்டுதரம் வாசிக்கவும். சொந்தமாகக் கடற்றொழில் செய்பவனிடம் மணித்தியாலமே கேட்பதில்லை. 31 கிழமைக்குள் மீனில் 2,500 தொடக்கம் 4,200 டொலர் உழைத்திருந்தால், தொழிலில்லாத பருவத்துக்குப் படி உண்டு. 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 150க்கும் மேற்பட்ட தமிழரைக் காப்பாற்றினாரே கஸ் டால்ரன், அவர் அந்தக் கரையின் மீன்பிடிக்காரர்தான். 1992இல் அங்கே கொட் மீன் அற்றுப்போக, அரசே தொழிலை நிறுத்தி, நின்றவர்களுக்குக் காசும் கொடுத்தது. அங்கேயும் படிவமும் இழுத்தடிப்பும் தாராளம் என்று மச்சான் திட்டுகிறார். திட்டுவதற்கு அவருக்கொரு கந்தோர் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன். எதிர்க்கரையில் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அதற்குத் தமிழ்நாட்டு அரசு குடும்பத்துக்கு 8,000 இந்திய ரூபா கொடுக்கிறது. அந்த 61 நாளும் எங்களுக்கும் நிவாரணந்தான், அவர்களுடைய இழுவைமடி வராததால். மிச்ச நாட்களில் எங்கள் வலை அறுந்து போகும்போது அது வேலையிழப்பா, சொத்திழப்பா, அயல்நாட்டு உறவா என்று அடையாளமிட எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

வறியோருக்கான அஸ்வெசும கொடுப்பனவுக்குப் போ என்பீர்கள். 2023இல் 22 குறிகாட்டிகளோடு வீட்டுக்கு வந்தார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டின சீமெந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, "நல்ல வீடு" என்றார்கள். நானும் சந்தோசப்பட்டுவிட்டேன்.

ஆகவே ஐயா, ஒரே கோலால் அளக்கவும். ஒரு மணித்தியாலம் வேலை செய்தவன் தொழிலில் உள்ளவன் என்றால், மற்ற மணித்தியாலம் சும்மா இருக்கிறவனை வேலை இழந்தவன் என்றும் எழுதிக் கொடுப்பனவைத் தரவும். அது கட்டாதென்றால், 180 நாள் வேலை கிடைக்காத எல்லோரையும் வேலையில்லாதோர் என்று எண்ணி வீதத்தை வெளியிடவும். மத்திய வங்கிக்காரருக்கு முதலே தண்ணீர் கொடுத்து வைக்கவும்.

சேவைக்கால அத்தாட்சியாக, நான் சாந்து குழைத்துக் கொடுத்துக் கட்டின ஒரு வெளிநாட்டுக்காரரின் மதிலைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். படம் றோட்டில் நின்று எடுத்தது. உள்ளே விடவில்லை.

பதிலைப் பின்னேரம் கொடுத்துவிடச் சொல்லவும். காலையில் வருகிறவர் வீடு பூட்டியிருப்பதைக் கண்டு, ஆள் வேலைக்குப் போய்விட்டார் என்று எழுதிக்கொண்டு போய்விடக்கூடும். நான் வேலை கேட்கத்தான் போயிருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
தொழிலில் உள்ள, வேலையில்லாத,
மண்கும்பான் வாசி