ரேண்டம் எண்ணும் குற்றாலத்துக் குறியும்

அனுப்புநர்: தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் பிளஸ் டூ முடித்தோரும் அவர்களைப் பெற்றோரும்.

பெறுநர்: தமிழ்நாடு பொறியியல் மாணவர் சேர்க்கைக் குழுவினர், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், சென்னை.

பொருள்: அரை மதிப்பெண்ணின் அருமையை உலகுக்கு உணர்த்தியமைக்கு நன்றி கூறலும் சில பணிவான பரிந்துரைகளும் – தொடர்பாக.

பார்வை: சென்ற ஆண்டின் இறுதிக் கட்-ஆஃப் பட்டியல் (வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்ட படி).



தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவந்து சேர்க்கும் ஜூன், ஜூலை மாதங்களில் வெளியூர்க் கூட்டம் குற்றாலத்தை மொய்க்கிறது. ஆனால் அருவிக்கு மிக அருகில் குடியிருந்தும், பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டார் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. குழுவின் நாட்காட்டியும் அருவிச் சீசனின் நாட்காட்டியும் ஒன்றாக அமைந்துவிட்டதே இதற்குக் காரணம். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை பெற்றுத்தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்காக இ-சேவை மையத்தின் வாசலில் நிற்பதிலும், நின்று வாங்கியவற்றைப் பதிவேற்றுவதிலும், பதிவேறியதா என்று மீண்டும் மீண்டும் பார்ப்பதிலும் சீசன் கழிந்துவிடுகிறது. ஐந்தருவியில் இன்று எத்தனை கிளையில் தண்ணீர் விழுகிறது என்று கேட்டால் இவ்வீட்டாருக்குத் தெரியாது; கல்லூரி எண் 1 எனக் குறிக்கப்படும் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சென்ற ஆண்டு எதில் முடிந்தது என்று கேட்டால், ஒவ்வோர் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் தனித்தனியாகப் புள்ளி பிசகாமல் ஒப்பிப்பார்கள்.

கட்-ஆஃப் என்று இங்கே பேசப்படுவது, கணிதத்தில் நூற்றுக்குப் பெற்ற மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதியாக்கிக் கூட்டினால் கிடைக்கும், 200ஐ உச்சமாகக் கொண்ட எண்ணாகும். இந்த எண் தனியாட்சி பெற்றதற்கு நியாயமான வரலாறு உண்டு. 1984இல் தொடங்கப்பட்ட மாநில நுழைவுத் தேர்வு நகரத்துப் பயிற்சி மையங்களுக்குப் போக முடிந்தவர்களுக்கே கைகொடுக்கிறது என்ற முறையீடு வலுத்ததால், கல்வியாளர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. அதன் பின்னர் 2021இல் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் வந்தது. ஆலங்குளத்திலும் கடையத்திலும் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மாருக்கு இவ்விரண்டும் திறந்துவிட்ட வழி பெரிது என்பதில் ஐயமில்லை. இந்த ஓரிடத்தில் பகடி சற்றே ஒதுங்கி நின்று வழிவிடுகிறது.

குழுவின் பெருமை அதன் நுண்மையில் இருக்கிறது. இரு மாணவர் ஒரே கட்-ஆஃப் பெற்றிருந்தால் முதலில் கணிதம் ஒப்பிடப்படுகிறது. அதுவும் ஒன்றானால் இயற்பியல். ஒப்பிடுவதற்குரிய மற்ற மதிப்பெண்களும் தீர்ந்துபோனால் பிறந்த தேதி பார்க்கப்பட்டு மூத்தவருக்கு முன்னுரிமை தரப்படுகிறது. ஒரே நாளில் பிறந்தும் தொலைத்தார்கள் என்றால், விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி முன்கூட்டியே ஒதுக்கிவைத்த பத்து இலக்க ரேண்டம் எண், அதாவது எந்தக் காரணத்தையும் சாராமல் எழும் சமவாய்ப்பு எண், எவருக்குப் பெரிதோ அவர் முந்துகிறார். 2024இல் 65 பேரும் 2025இல் 144 பேரும் 200க்கு 200 பெற்றனர். முழு மதிப்பெண் பெற்றவர்களைக் கணிதத்தையும் இயற்பியலையும் கொண்டு பிரித்தறிய முடியாது என்பது கணிதமே படியாதவர்க்கும் விளங்கும். ஆகவே தமிழ்நாட்டின் தலைசிறந்த பொறியியல் மூளை எது என்ற கேள்வி, பன்னிரண்டு ஆண்டுப் படிப்பையும் கடந்து, பிரசவ வார்டின் பதிவேடு வரைக்கும் போய்வர நேர்கிறது. நல்ல நேரம் பார்த்துப் பிள்ளை பெற்ற குடும்பங்கள் இனிக் கல்வியாண்டையும் பார்த்துப் பெறுவது நலம் என்று குழு சுற்றறிக்கை அனுப்பலாம்.

ரேண்டம் எண் விஷயத்தில் குற்றாலத்துக்கு ஒரு மரபுரிமை உண்டு என்பதையும் குழு கருத வேண்டும். தென்காசியை அடுத்த மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில், குற்றாலநாதர்மேல் காதல் கொண்ட வசந்தவல்லியின் கையைப் பார்த்துச் சிங்கி என்னும் குறத்தி குறி சொல்கிறாள். குறி என்பது கைரேகையும் நிமித்தமும் கொண்டு வரவிருப்பதைக் கூறும் கலை. கணினியின் சமவாய்ப்பு எண்ணுக்குப் பதிலாக, ஆண்டுதோறும் சுற்றுலாத் துறை நடத்தும் சாரல் விழாவில் ஓர் அரங்கு அமைத்து, சமநிலையில் நிற்கும் மாணவர்களுக்கு அங்கேயே குறி சொல்ல வைத்தால், முடிவின் அறிவியல் தன்மை ஒரு சிறிதும் குறையாது. கூடுதல் நன்மை ஒன்றும் உண்டு: குறி சொல்பவர் கேட்பவரின் முகத்தையாவது பார்க்கிறார், என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை விசாரிக்கிறார். பிளஸ் டூ விடைத்தாளைத் திருத்துவதில் தொடங்கி இடம் ஒதுக்குவதில் முடியும் நெடும்பயணத்தில் இந்தக் கேள்வியை மாணவரிடம் கேட்பதற்கென்று ஒருவரும் நியமிக்கப்படவில்லை.

அளவுகோல் நுண்மையானது, அளக்கப்படும் பொருள்தான் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது, சுருங்குகிறது. பொதுத் தேர்வில் வேதியியலில் சென்டம், அதாவது நூற்றுக்கு நூறு, எடுத்தவர்கள் 2024இல் 471 பேர். 2025இல் 3,181 பேர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் வேதியியல் அறிவு பன்னிரண்டே மாதத்தில் ஏறத்தாழ ஏழு மடங்காகப் பெருகியது என்று கொள்வதா, வினாத்தாள் இளகியது என்று கொள்வதா என்பதை ஆய்வாளர்க்கு விட்டுவிடலாம். வேதியியலில் 98 எடுத்த ஒரு மாணவி முதல் ஆண்டில் பலரை முந்தியிருப்பாள். அடுத்த ஆண்டில் அதே 98 அவளை ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கும். பெருந்தொற்றுக் காலமான 2021இலோ பிளஸ் டூத் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று சேர்த்து மதிப்பெண் வழங்கப்பட்டது. எழுதாத தேர்வின் மதிப்பெண்ணிலிருந்தும் கட்-ஆஃப் கணக்கிடப்பட்டது, தரவரிசையும் வெளிவந்தது, வரிசையில் எவரும் மனம் குழம்பியதாகத் தெரியவில்லை.

குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் காவல்துறையினர் குளிக்கத் தடை விதிப்பார்கள். வரத்து குறைந்தால் தடை நீங்கும். அந்த வளைவைக் கொண்டு அன்றைய வெள்ளத்தை அறியலாம். தடையால் திரும்பிப் போகிறவரின் உடல்வலிமையை அறிய முடியாது. ஒரு கல்லூரியின் ஒரு பாடப்பிரிவு எந்த மதிப்பெண்ணோடு நிறைந்தது என்று காட்டும் இறுதிக் கட்-ஆஃபும் இத்தகையதே. அவ்வாண்டில் எத்தனை பேர் அந்தப் பிரிவை மொய்த்தார்கள், எத்தனை இடங்கள் இருந்தன, வினாத்தாள் எவ்வளவு இளகியது என்பவற்றையே அது தெரிவிக்கிறது. மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் மவுசு இருந்த காலத்தில் அவை உயரத்தில் முடிந்தன. மென்பொருள் வேலையின் பக்கம் ஊர் திரும்பியதும் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏறியது. இரும்பின் இயல்போ பாலம் நிற்கும் விதியோ இடைப்பட்ட காலத்தில் மாறவில்லை. ஆயினும் குழு இப்பட்டியலை ஒரு வரி விளக்கமும் இன்றி வெளியிடுவதால், கூட்டத்தின் அளவு மாணவரின் தரமாக வாசிக்கப்படுகிறது. 187 வாங்கிய மகனைத் தந்தை 187 ஆகவே பார்க்கத் தொடங்குகிறார். திருமண வீட்டில் அறிமுகப்படுத்தும்போது பெயருக்கு முன்னால் எண் வருகிறது.

இவ்வளவு நுண்மையும் தரவரிசையின் உச்சியில் மட்டுமே செலவாகிறது என்பது இன்னொரு வியப்பு. கலந்தாய்வில் பங்கேற்கும் கல்லூரிகள் நானூறுக்கு மேல். பொதுப் பிரிவினர்க்கு 45 விழுக்காடும் இதரப் பிரிவினர்க்கு அதனினும் குறைவும் பெற்றிருந்தால் விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. சுற்றுகள் எல்லாம் முடிந்த பிறகும் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான இடங்கள் ஆளின்றிக் கிடக்கின்றன. மேலே அரை மதிப்பெண்ணுக்குக் கதவடைக்கும் அதே அமைப்பு, கீழே வருவோரெல்லாம் வருக என்று கூவுகிறது. கிண்டி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்ற விரல்விட்டு எண்ணத்தக்க வளாகங்களுக்கான நெரிசலை மாநிலம் முழுமைக்குமான பஞ்சமாக எண்ணிக்கொண்டு, எட்டாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இவற்றுள் மூத்ததான கிண்டிக் கல்லூரி, 1794இல் எட்டு மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளி. அந்த எட்டுப் பேருக்குள் ரேண்டம் எண் தேவைப்பட்டதா என்பது ஆவணங்களில் இல்லை.

2018இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறுவதற்கு முன், இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்து எழும்பூரில் இறங்கி, குளித்ததும் குளிக்காததுமாய் அண்ணா பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்து, திரையில் ஒவ்வொரு கல்லூரியின் எதிரிலும் காலி இட எண்ணிக்கை கண்முன்னே தேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தன. அலைச்சலும் செலவும் மிகுந்த முறை அது, ஒழிந்தது நல்லதே. ஆனால் அங்கே பக்கத்து நாற்காலியில் சங்கரன்கோவிலிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்த இன்னொரு தகப்பன் இருந்தார். இருவரும் ஒருவர் பதற்றத்தை மற்றவரிடம் சொல்லிக்கொண்டார்கள். இன்று விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதியும் வேலை, ஊர் பேர் கேள்விப்படாத நூறு கல்லூரிகளின் பெயர்களைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் விழுந்திருக்கிறது. வரிசையில் ஒன்று முன்பின்னானால் நான்கு ஆண்டு மாறிவிடும் என்ற அச்சத்தில், பிரவுசிங் சென்டர்க்காரரே ஊருக்குக் கல்வி ஆலோசகர் ஆகிவிட்டார்.

இங்கே சிலர் மத்தளம்பாறையைச் சுட்டுவர். தென்காசியை ஒட்டிய அச்சிற்றூரில் இயங்கும் ஸோகோ மென்பொருள் நிறுவனம், பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைக் கட்-ஆஃப் பார்க்காமல் தன் சொந்தத் தேர்வாலும் நேர்காணலாலும் தெரிந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலையும் தருகிறது. குழுவின் அளவுகோலுக்கு அருவிக்கரையிலிருந்து வந்த மிகக் கூர்மையான மறுப்பு இதுவே. எனினும் அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யிலும் பின்னர் பிரின்ஸ்டனிலும் படித்து முனைவர் பட்டம் பெற்றவர் என்பதை இவ்வட்டாரத்துப் பெற்றோர் நன்கு அறிவார்கள். பட்டம் வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட முதலில் நல்லதாக ஒரு பட்டம் வாங்கிக்கொள்வது பாதுகாப்பானது என்ற முடிவுக்கு அவர்கள் வந்திருப்பதில் பிழை காண்பது கடினம்.

எனவே பரிந்துரை எளியது. 195க்கும் 200க்கும் இடையிலான வேறுபாட்டில் மாணவரின் ஆற்றல் எவ்வளவு, வினாத்தாளின் மனநிலை எவ்வளவு என்று குழுவால் சொல்ல முடியாதபோது, அந்த எல்லைக்கு மேற்பட்ட அனைவரையும் சமமானவர்கள் என்று வெளிப்படையாக அறிவித்து, இடஒதுக்கீடு கெடாமல் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் குலுக்கலால் இடம் கொடுத்துவிடலாம். இது புதுமையன்று. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும், ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறையில், தகுதி வரம்பைத் தாண்டியவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அத்தகுதிகளுள் நிலவுடைமை போன்ற, இன்று ஏற்க முடியாதவை இருந்தன என்றாலும், வரம்புக்கு மேற்பட்டோரை மயிரிழை பிளந்து வரிசைப்படுத்தும் வீண்வேலையில் சோழர் இறங்கவில்லை. நெதர்லாந்தும் கடந்த நூற்றாண்டின் எழுபதுகளிலிருந்து பல பத்தாண்டுகள் மருத்துவக் கல்வி இடங்களைக் குலுக்கலால் வழங்கியது. மதிப்பெண் கூடியவர்க்குச் சற்றே கூடுதல் வாய்ப்பு தந்த குலுக்கல் அது. குழுவும் இப்போது குலுக்கத்தான் செய்கிறது; பத்து இலக்கத்தில், திறமை என்ற பெயரில் குலுக்குகிறது. குலுக்கல் என்று பெயர் சொல்லிவிட்டால், இடம் கிடைக்காத பிள்ளை தன்னைக் குறைந்தவன் என்று நினைக்க வேண்டியிராது. கிடைத்த பிள்ளையும் சற்று அடக்கமாக இருக்கும். இதற்குத் துணிவு போதாதெனில், இறுதிக் கட்-ஆஃப் பட்டியலின் தலைப்பில் “இது கூட்டத்தின் அளவு, மாணவரின் அளவன்று” என்று ஒரே ஒரு வரி அச்சிட்டால்கூடப் போதும்.

தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஏதேனும் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் எவராயினும் அவரைத் தான் பணிவதாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அந்த எவராயினும் என்பவர்க்கு அவன் கட்-ஆஃப் எதுவும் குறிக்கவில்லை. சேர்க்கை முறையில் நேர்ந்திருக்கும் குறையைக் குழுவினர் சரிசெய்வார்களாயின், அரசனே செய்த வணக்கத்தைச் செய்ய இவ்வட்டாரத்துப் பெற்றோர்க்குத் தயக்கமில்லை. அடுத்த தரவரிசைப் பட்டியல் வெளிவருவதற்கு முன் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.