ஈஸிசேருக்கு எந்த சிம்?

ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் என்று நாலு கம்பெனி இருக்கிறது. அதில் ஒன்றை அப்பாவுக்குத் தேர்ந்தெடுக்க எங்கள் குடும்பத்தில் பதினோரு பேர் இருக்கிறார்கள். ஆளுக்கொரு சிபாரிசு, காரணம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: "நான் வெச்சிருக்கேன்ல?"

விலையை வைத்து முடிவு செய்யலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 2024 ஜூலை 3-ஆம் தேதி ஜியோவும் ஏர்டெல்லும் கட்டணத்தை ஏற்றின. மறுநாளே வி ஏற்றியது. போட்டி என்றால் இப்படி ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும்.

"புடிக்கலைன்னா நம்பர மாத்தாமலே கம்பெனி மாறிக்கலாமே" என்றார் மாமா. மாறலாம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க அந்த வசதி உண்டு. அதற்கு முதலில் 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் தட்ட வேண்டும். 2018 பிப்ரவரியில் ஏர்செல் கம்பெனி படுத்தபோது அந்த எஸ்எம்எஸ்ஸின் மகிமை தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது. டவர் இல்லாததால் கம்பெனி மாற வேண்டும். மாறுவதற்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். எஸ்எம்எஸ் போவதற்கு டவர் வேண்டும்.

கடைசியில் பஞ்சாயத்தைத் தீர்த்துவைத்தது அப்பாவின் ஈஸிசேர். மயிலாடுதுறை வீட்டுக் கூடத்தில் அது கிடக்கும். அதில் அப்பா கிடப்பார். பேசுவதற்காக வாசலுக்கு எழுந்து வர மாட்டார். "போன்தானே என்னைத் தேடி வரணும்? நான் ஏன் அதைத் தேடிப் போகணும்?" என்பது அவர் கட்சி. ஆகவே வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் ஈஸிசேரில் சாய்த்து, அவரவர் சிம்மிலிருந்து எனக்கு ஒரு கால் போடச் சொன்னேன். மாமா பேசியதில் பாதிதான் கேட்டது. அத்தை பேசியது முழுசாகக் கேட்டது. ஆனால் அத்தைக்கு அதற்குப் போனே தேவையில்லை, தெருமுனை வரை கேட்கும். சிலிண்டர் போட வந்த தம்பி கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்து, "சார், கேக்குதுங்களா?" என்றார். கணீரென்று கேட்டது. அவர் கம்பெனியே அப்பாவுக்கும் ஆனது.

அடுத்தது பிளான். அப்பா தினமும் பஞ்சாங்கம் பார்க்கிறவர். தமிழ் மாதத்துக்கு 29 நாளும் வரும், 32 நாளும் வரும் என்று அறிந்தவர். ரீசார்ஜ் மாதத்துக்கு 28 நாள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன்டா, வருஷம் முழுக்க பிப்ரவரியா?"

விரல்விட்டு வகுத்தும் பார்த்தார். "வருஷத்துக்குப் பதிமூணு மாசம் வருது. எனக்கு ஒருத்தனும் பதிமூணாம் மாசச் சம்பளம் தரலையே!"

30 நாள் பிளான் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பிளான் ஒன்றும் கம்பெனிகள் வைத்தே ஆக வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் உத்தரவு போட்டதைச் சொன்னேன். அப்பாவின் கவனம் அதற்குள் டேட்டாவுக்குப் போய்விட்டது.

"தெனம் ரெண்டு ஜிபியா? மிச்சமானா?"

"ராத்திரி பன்னெண்டு மணியோட போயிடும்பா."

"ஊசிப் போற சாம்பாரா அது?"

நல்லவேளையாக, இன்டர்நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் விதி கொண்டுவந்தது. அதில் ஒரு வருஷத்து பிளானைப் போட்டோம். பிப்ரவரி தொல்லை ஒழிந்தது.

போன் விஷயத்தில் என் மகன் தலையிட்டான். தாத்தாவுக்கு 5ஜி போன்தான் வேண்டும், கேமரா 50 மெகாபிக்சலாவது இருக்க வேண்டும் என்றான். லீவுக்கு ஊருக்குப் போகும்போது தாத்தாவிடமிருந்து ஹாட்ஸ்பாட் கிடைக்குமே என்ற பாசம். தாத்தா ஒரே கேள்விதான் கேட்டார்: "டார்ச் இருக்கா?"

அவர் மனசில் இருந்தது 2003-இல் வந்த நோக்கியா 1100. கேமரா கிடையாது, கலர் கிடையாது, தலையில் ஒரு டார்ச். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. கரன்ட் போனால் ஃபியூஸ் போடுவதற்கு மெகாபிக்சல் உதவாது என்பது டெல்டா மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைக்காரத் தம்பி, "ஐயா, அதெல்லாம் இப்ப வர்றதில்லீங்க" என்று ஒரு 4ஜி கீபேட் போனைக் காட்டினார். அப்பா அதைக் காதில் வைத்துப் பார்க்கவில்லை. டார்ச்சைப் போட்டு கல்லாவுக்கு அடியில் அடித்துப் பார்த்துவிட்டு, "சரி, கட்டு" என்றார்.

ஆக, கம்பெனியைத் தேர்ந்தெடுத்தது ஈஸிசேர். பிளானைத் தேர்ந்தெடுத்தது பஞ்சாங்கம். போனைத் தேர்ந்தெடுத்தது கரன்ட் கட். பணம் கட்டியது மட்டும் நான்.

இப்போது அப்பாவுக்கு வருஷம் பூராவும், இந்தியாவில் யாரோடு வேண்டுமானாலும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இலவசமாகப் பேசலாம். 2003-க்கு முன்பு, வருகிற காலுக்கும் காசு பிடித்த காலத்தில் செல்போன் பழகிய மனிதர் அவர். தினமும் காலையில் ஒரே ரிங்கில் எனக்கு மிஸ்டு கால் கொடுக்கிறார். நான் திருப்பிக் கூப்பிட்டால், "சரி சரி, வை. காசு ஏறும்" என்கிறார்.