மைலேஜ் பார்த்து வாங்கிய ரிவால்வர்

கிரீன் கார்டு என் கைக்கு வந்துசேரப் பதினோரு வருடம் ஆனது. வந்த மறுவாரமே பக்கத்துப் பண்ணைத் தாத்தா வேலியோரம் நின்று, "இனி நீ துப்பாக்கி வாங்கலாமே?" என்றார். ஆஸ்டினுக்குக் கிழக்கே இது நம்மூரில் "எப்ப வீடு கட்டப்போறீங்க?" என்று கேட்பதற்குச் சமம்.

என் துப்பாக்கி வரலாறு மிகச் சிறியது. தீபாவளி ரோல் கேப். மெரினாவில் பலூன் சுட்டது. அங்கே குழல் ஒரு பக்கமும் குறிமுள் இன்னொரு பக்கமும் பார்க்கும். பிறகு பெரியப்பாவின் இரட்டைக்குழல். அதைத் தொட்டதில்லை, பார்த்ததே இரண்டு முறைதான். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி, நடுவே இடைத்தேர்தல் என்று அது பெரியப்பா வீட்டில் இருந்ததைவிட ஸ்டேஷனில் குடியிருந்த காலமே அதிகம்.

தாத்தா எனக்குச் சிபாரிசு செய்தது பாயின்ட் டூ டூ. 1887-இல் பிறந்த தோட்டா அது. குண்டு இரண்டரை கிராம் சொச்சம். தட்டினால் பற்றிக்கொள்ளும் மருந்து அடிவிளிம்புக்குள் ஒளிந்திருக்கும். நம் ரோல் கேப்புக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவுப் பெட்டியாக வாங்கினால் ஒன்று எட்டு சென்ட்தான். போலீஸ்காரர்கள் வைத்திருக்கும் ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா அதைப்போல் மூன்று பங்கு. எட்டு சென்ட் என்று காதில் விழுந்ததும் எனக்குள் இருந்த காரைக்குடி விழித்துக்கொண்டது.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் மனைவி.

"டப்பா சுடறதுக்கு." வரிசையாகக் காலி டப்பா வைத்துச் சுடுவதை இங்கே 'பிளிங்கிங்' என்பார்கள். தகரத்தில் குண்டு பட்டால் எழும் ஓசையே பெயராகிவிட்டது. அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். "தாத்தாவோட பீக்கன் கொட்டையை எல்லாம் அணில் தின்னுடுதாம். அதையும்..." என்று ஆரம்பித்தேன்.

"அணில் பிள்ளையையா?"

இந்த நாட்டில் அணிலுக்குப் பிள்ளைப் பட்டம் கிடையாது, வேட்டை உயிரினப் பட்டியலில் இருக்கிறது, குழம்பு வைத்தும் சாப்பிடுகிறார்கள் என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. அன்றிரவே மாம்பலத்துக்குப் போன் போயிற்று. அம்மா லைனில் வந்தாள். "ராமர் தடவிக் கொடுத்த ஜீவன்டா அது." டெக்ஸாஸ் அணில் வேறு ஜாதி, பூனைக்குட்டி பருமன், செம்பட்டை வயிறு, முதுகில் கோடே இல்லை, ஆகவே ராமர் கை படவில்லை என்று வாதாடினேன். அம்மா ஒரு நிமிடம் யோசித்தாள். "நன்னா பாத்தியா? மண்ணு ஒட்டிண்டு மறைஞ்சிருக்கும்."

வேட்டைக்கு வேறு ஒரு முள்வேலியும் உண்டு. 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்ஸாஸில் வேட்டைப் பாடம் படித்துத் தேற வேண்டும். நான் 1974. வகுப்பில் பாதிப் பேருக்கு மீசை முளைக்கவில்லை. என்னைப் பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர் என்று நினைத்து ஒரு பையன் எழுந்து நின்றான். அங்கேதான் இன்னொரு விநோதமும் தெரியவந்தது. எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். கையில் வேட்டை லைசென்ஸ் இருந்தால் மட்டும் வைத்திருக்கலாம்! பதினோரு வருடம் எதற்குக் காத்திருந்தேன் என்று ஒரு கணம் குழம்பிப்போனேன்.

இனி எந்தத் துப்பாக்கி என்பதுதான் கேள்வி. தாத்தா தன் ரூகரைக் காட்டினார். 1949-இல் பில் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் கம்பெனி ஆரம்பித்து முதன்முதலில் விற்ற பிஸ்டலின் வம்சம். அன்று விலை 37 டாலர் 50 சென்ட். இன்று அதன் பேரன் 'மார்க் ஃபோர்' நானூறைத் தாண்டும். முன்னோர்களைத் துடைப்பதற்காகக் கழற்றுவது சுலபம், திரும்ப மாட்டுவது ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரி என்று பெயர். 2016-இல் வந்த மார்க் ஃபோரில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அருமையான சாமான். சுட்டுப் பார்த்தேன். மேகசினில் பத்துத் தோட்டா. (தமிழ் மேகசினில் பத்துப் பக்கம் படிக்க அரைமணி ஆகும்.) குதிரையை இழுக்க இழுக்க, ஆறே விநாடியில் எண்பது சென்ட் காலி.

அங்கேதான் எனக்கு ஞானம் பிறந்தது. துப்பாக்கியின் விலையை எல்லோரும் பார்க்கிறார்கள். மைலேஜை யார் பார்க்கிறார்கள்?

ஹெரிடேஜ் ரஃப் ரைடர் என்று ஒரு ரிவால்வர் இருக்கிறது. கௌபாய் படத்தில் வருவது போலவே இருக்கும், புதிதே நூற்றைம்பது டாலர் பக்கம்தான். ஆறு தோட்டா. ஒவ்வொன்றையும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து தனித்தனியாகப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சுட்டு முடித்தால், காலிக் கூட்டை ஒவ்வொன்றாகக் குச்சியால் குத்தித் தள்ள வேண்டும். ஆறு தோட்டா முடிய ஐந்து நிமிடம். மணிக்கு ஆறு டாலர்கூட ஆகாது! பிஸ்டல்கள் சில தோட்டாவைச் சாப்பிடும், சிலதைத் துப்பும். சுழல் ரகத்துக்கு அந்த நாக்கு ருசி கிடையாது, எதைப் போட்டாலும் விழுங்கும். குறை ஒன்று உண்டு. நான் பார்த்த மாடலில் குறிமுள்ளை நகர்த்த முடியாது. இருபது கஜத்தில் டப்பாவை அடிக்கலாம், அணிலின் தலையைக் குறிவைக்க நகரும் குறிமுள் வேண்டும் என்றார் தாத்தா. பதறாமல் கேட்டுக்கொண்டேன். மாம்பலத்துக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

புதிதாக வாங்கவும் மனம் வரவில்லை. பழசாக எடுக்க அடகுக் கடைக்குப் போனேன். மனைவி கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கூட வந்தாள். அங்கே கிடாருக்கும் வெல்டிங் மெஷினுக்கும் நடுவில் என் ரிவால்வர் தொங்கியது. 4473-ஆம் எண் படிவத்தை நீட்டினார்கள். பிறந்த நாடு, இனம், உயரம், எடை, நீதிக்குத் தப்பி ஓடுபவரா நீங்கள்? எடை என்ற இடத்தில் மட்டும் பொய் சொல்ல நினைத்தேன். பொய் எழுதினால் சிறை என்று அதிலேயே போட்டிருந்தது. எஃப்.பி.ஐ. என்னைப் பற்றிச் சில நிமிடம் யோசித்துவிட்டுச் சரி என்றது. விலையில் பத்து டாலர் குறைத்தேன். மனைவி மேலும் ஐந்து குறைத்தாள்.

தாத்தா பண்ணையில் குளத்துக் கரையின் மண்மேட்டுக்கு முன்னால்தான் சுடுவோம். குருவி மாதிரி இருந்தாலும் இந்தக் குண்டு ஒரு மைல் தாண்டும். பின்னால் மண் இல்லாமல் குதிரையைத் தொடக்கூடாது என்பதில் தாத்தா எங்கள் கணக்கு வாத்தியாரைவிடக் கண்டிப்பு. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி.

டப்பாவுக்கு நான் தேர்ந்தெடுத்தது ரசகுல்லா டின். நல்ல தகரம், நல்ல உருவம். பட்டால் 'டிங்' என்று அம்மன் கோயில் மணி மாதிரி ஒரு நாதம். ஒரே சிக்கல், டின் காலியானால்தானே சுட முடியும்? வாரம் இரண்டு டின். மனைவி இரண்டு உருண்டையோடு ஒதுங்கிவிடுவாள். மிச்சம் என் பொறுப்பு.

மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதாவது புதுப் பழக்கம் உண்டா என்று கேட்டார்.

"துப்பாக்கி" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். குண்டு எட்டு சென்ட். டின் ஐந்து டாலர். மாத்திரை தனி.

இப்போது தேங்காய்ப் பால் டின் வைத்துச் சுடுகிறோம். உருவத்தில் பாதிதான், பத்துக்கு ஏழு தவறிவிடுகிறது. பீக்கன் மரத்துக் கிளையில் ஒரு அணில் கொட்டையை உருட்டித் தின்றபடி முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும். முதுகைத் திருப்பும்போதெல்லாம் கோடு இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வெயிலில், ஒன்று இருந்த மாதிரிதான் தெரிந்தது.