ஆழக் கொள்கை: மதுரங்குளியில் உப்புச் சுரங்கம் இல்லாமை பற்றிய ஒரு முன்னோடி ஆய்வு

உப்பைப் பார்ப்பதற்கு மனிதன் எப்போது காசு கொடுக்கிறான், எப்போது பஸ் யன்னலைச் சாத்திக்கொண்டு கடந்து போகிறான் என்ற கேள்விக்கு அறிஞர் உலகம் இன்னும் முகம் கொடுக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பவே இக்கட்டுரை. ஆய்வுக் களம், இலங்கையின் புத்தளம் மாவட்டத்து மதுரங்குளியிலிருந்து பாலாவிச் சந்திக்குப் போய், அங்கிருந்து கற்பிட்டிப் பக்கம் திரும்பினால் வரும் உப்பளங்கள். ஒப்பீட்டுக் களம், போலந்தில் கிராக்கோவ் நகருக்கு அருகே உள்ள வியெலிச்கா உப்புச் சுரங்கம். முதற் களத்தில் ஆய்வாளர் நேரில் நின்று வெயிலில் காய்ந்தார். இரண்டாம் களத்துக்கு நிதி கிடைக்காமையால், ஜேர்மனியில் குடியிருக்கும் மச்சான் அங்கே ஒருநாள் சுற்றுலா போய் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோக்களே மூலாதாரம்.

மச்சான் இந்த ஆய்வின் தலைமை மாதிரியும் ஆவார். பிறந்து வளர்ந்தது மதுரங்குளியில். கற்பிட்டியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் பெருநாளுக்குப் பெருநாள் போய்வந்தவர். வீதியோரம் கிடுகு மூடிக் கிடந்த உப்புக் குவியல்களை ஒருநாளும் இறங்கிப் பார்த்தவரில்லை. அதே மனிதர் அந்த வீடியோக்களில் ஒன்றில் தடித்த மேற்சட்டையோடு பூமிக்கடியில் நிற்கிறார். சுவரை நாக்கால் தொடுகிறார். பிறகு கமராவைப் பார்த்து, "டேய், உண்மையாவே உப்புடா!" என்கிறார். உப்புச் சுரங்கத்தின் சுவர் கரிக்காமல் இனிக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அவர் காசு கட்டினாரா? ஆய்வு இங்கே தொடங்குகிறது.

முதலில் வியெலிச்கா. அங்கே 13ஆம் நூற்றாண்டு முதல் பூமியைக் குடைந்து உப்பு எடுத்தார்கள். 1996இல் வணிகத்துக்காக எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது விற்பனையாவது பெரும்பாலும் பார்வைதான். 1978இல் யுனெஸ்கோ முதன்முதல் உலக மரபுரிமைப் பட்டியல் போட்டபோது அதில் இருந்த 12 இடங்களில் இதுவும் ஒன்று. போகிறவர் வழிகாட்டியின் பின்னால் ஏறத்தாழ 380 மரப்படிகள் இறங்கி 64 மீற்றர் ஆழத்தை அடைகிறார். அங்கிருந்து நடந்து நடந்து 135 மீற்றர் வரை போகிறார். நடுவே, 101 மீற்றர் ஆழத்தில், புனித கிங்காவின் தேவாலயம். பீடம் உப்பு, சிற்பம் உப்பு, தொங்கும் சரவிளக்கின் மணிகளும் உப்பு. தரையில் ஓடு பதித்ததுபோல் தெரிவதும் உப்பைச் செதுக்கிய கோடுகள்தான். எல்லாம் முடிந்தபின் மேலே வர மின்தூக்கி உண்டு. அதில் சுரங்கத் தொழிலாளரைப்போல நெருக்கியடித்து ஏற்றுவார்கள். மச்சான் அதையும் பெருமையாகவே சொன்னார். மதுரங்குளியிலிருந்து காலை பஸ்ஸில் அதே நெரிசலில் போன காலத்தைப் பற்றி அவர் பெருமையாகப் பேசிக் கேட்டதில்லை.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: அந்தச் சுவர் வெள்ளை இல்லை, சாம்பல் நிறம். சொல்லாவிட்டால் கருங்கல் என்றே நினைப்போம். ஆகவேதான் நக்கிப் பார்க்கலாம் என்று வழிகாட்டிகளே அனுமதி கொடுக்கிறார்கள். நாக்கு இங்கே ஓர் ஆய்வுக் கருவி. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. பாகிஸ்தானின் கெவ்ரா சுரங்கத்தைக் கண்டுபிடித்தது கி.மு. 326இல் அலெக்சாந்தரின் படையோடு வந்த குதிரைகள் என்பது அங்குள்ள கதை. களைத்து நின்ற குதிரைகள் கல்லை நக்கினவாம். குதிரைகளிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை என்பதைத் தவிர, முறையியலில் வேறுபாடு இல்லை.

இவற்றிலிருந்து ஆய்வாளர் வந்தடைந்த முடிபு, ஆழக் கொள்கை எனப் பெயர் பெறும். உப்பின் மதிப்பு, அதைக் காண இறங்க வேண்டிய படிகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமானது. பாலாவியில் படிகள் பூச்சியம். பூச்சியத்தால் எதைப் பெருக்கினாலும் என்ன வரும் என்பதை மதுரங்குளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். மதிப்பு ஆழத்தால் வரவில்லை, வயதால் வருகிறது என்பார்கள். வியெலிச்காவின் உப்பு ஒன்றேகால் கோடி வருடங்களுக்கும் முன், கார்ப்பேத்தியன் மலையடிவாரத்தில் இருந்த கடல் வற்றியபோது படிந்தது. மயோசீன் காலம் என்பார்கள். சரி. ஆனால் புத்தளத்துக்கு வடக்கே அறுவக்காட்டில் தோண்டுகிற சுண்ணக்கல்லும் மயோசீன் காலத்ததுதான். உலகம் பங்கு போட்ட அந்த யுகத்தில் போலந்துக்கு உப்பு விழுந்தது, எங்களுக்குச் சிப்பியும் சுண்ணாம்பும் விழுந்தன. அவர்கள் தோண்டிய இடத்தில் தேவாலயம் செதுக்கினார்கள். நாங்கள் தோண்டியதை ரயிலில் ஏற்றிப் பாலாவிக்குக் கொண்டுவந்து சீமெந்தாக்கினோம். அந்தப் பக்கமே கொழும்புக் குப்பை கொட்டவும் இடம் ஒதுக்கினோம். ஆகவே வயது ஒரு காரணமே இல்லை.

தவிர, இரண்டு உப்பும் ஒரே முறையில் பிறந்தவை. கடல் நீர் அடைபட வேண்டும், வெயில் அதைக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். உப்புச் சுரங்கம் என்பது, ஆள் இல்லாததால் யாரும் வாராமல் விட்டு, மேலே மண் மூடிப்போன உப்பளம். பாலாவிக்காரர் தங்கள் விளைச்சலை வாராமல் இன்னும் ஒரு கோடி வருடம் பொறுத்திருந்தால் யுனெஸ்கோ வரும். அதுவரை கூலிக்கு என்ன வழி என்பது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆழக் கொள்கைக்கு மிக வலுவான சான்றைத் தருபவர் மச்சான் அல்லர், மொரோக்கோவிலிருந்து வந்த பயணி இப்னு பதூதா. அவர் 1344இல் மாலைதீவிலிருந்து கப்பலேறி, பத்தாலா என்று தாம் எழுதிய ஊரில் வந்து இறங்கினார். அது எங்கள் புத்தளம்தான் என்பதே ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. அரசர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார், முத்துக் காட்டினார். பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டதும், பல்லக்குக் கொடுத்து, வழி தெரிந்த யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரண்மனை ஆட்கள் பதின்மர், சாமான் தூக்கப் பதினைந்து பேர் என்று கூட்டி அனுப்பினார். புத்தளத்திலிருந்து புறப்பட்டதாக எழுத்தில் உள்ள முதல் வழிகாட்டிச் சுற்றுலா இதுவென்று இக்கட்டுரை உரிமை கோருகிறது. மதியச் சாப்பாடு உட்பட.

ஊரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். மரத்தால் கட்டிய மதில், மரக் காவற்கோபுரங்கள், வெள்ளம் அடித்துவந்து கரையில் ஒதுக்கிய கறுவா மரங்கள், முத்து. உப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. புத்தளம் களப்பு அன்றும் அங்கேதான் இருந்தது, வெயிலும் அன்றுதொட்டு இதே வெயில்தான்.

எட்டு வருடம் கழித்து, 1352இல், இதே மனிதர் சகாரா பாலைவனத்தில் தகாஸா என்ற இடத்துக்குப் போகிறார். அங்கே பூமியைத் தோண்டினால் உப்புப் பாளங்கள். அதற்குப் பிறகு பேனா நிற்கவேயில்லை. வீட்டுச் சுவர் உப்பு, பள்ளிவாசல் உப்பு, கூரைக்கு ஒட்டகத் தோல், ஓர் ஒட்டகத்துக்கு இரண்டு பாளம் சுமை, தோண்டுகிறவர்கள் அடிமைகள், அவர்கள் சாப்பாடு பேரீச்சம்பழமும் ஒட்டக இறைச்சியும், தண்ணீர் கரிப்பு, ஈத் தொல்லை. பத்து நாள் கஷ்டப்பட்டுத் தங்கி அத்தனையும் பார்த்துவைத்திருக்கிறார். ஆள் அவரேதான். மண்ணுக்கு மேலே இருந்த உப்புக்கு மௌனம், மண்ணுக்குக் கீழே இருந்த உப்புக்கு இத்தனை விவரம். ஒரு கொள்கைக்கு இதைவிடச் சுத்தமான பரிசோதனை கிடைப்பது அரிது.

இன்னொரு பொருத்தம். ஒஸ்ரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்துக்குள் 2003இல் ஒரு மரப்படிக்கட்டு அகப்பட்டது. உப்பு அதைப் பழுதாக விடாமல் காத்து வைத்திருந்தது. மரத்தின் வளையங்களைக் கணக்கிட்டு, அந்த மரங்கள் கி.மு. 1344ஐ ஒட்டி வெட்டப்பட்டவை என்று சொல்லிவிட்டார்கள். உப்பை நோக்கிப் படி இறங்கியது கி.மு. 1344, படியே இல்லாத உப்பைக் காணாமல் போனது கி.பி. 1344. இதில் பொருள் ஏதும் உண்டா என்றால் இல்லை. ஆனால் இப்படி ஓர் எண் கையில் அகப்பட்டால் அதை விட்டுவிட்டுப் போகிற ஆய்வாளன் ஆய்வாளனே அல்லன்.

கொள்கைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆழம் இல்லாமலே உப்பு பார்வைக்கு வருவது, அது இல்லாமல் போகும்போது. 1766 ஒப்பந்தத்தில் கண்டி இராச்சியம் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்தது. மலைநாட்டின் கறிச்சட்டிக்கு யார் எப்போது உப்பு விடுவது என்பதே அரசியல். நம் காலத்தில், 2024 கடைசியில் பெய்த மழை பாத்திகளை நாசமாக்கியது. அமைச்சரவை 30,000 மெட்ரிக் தொன் உப்பை இந்தியாவிலிருந்து இறக்க அனுமதித்தது. 2025 மே மாதம் உப்புப் பக்கற்றைக் கண்டால் கடையில் ஆட்கள் நின்று பார்த்தார்கள், கையில் எடுத்து விலையைப் படித்தார்கள், வைத்தார்கள், திரும்ப எடுத்தார்கள். சுற்றிலும் கடல் உள்ள தீவில் இந்தக் காட்சி. உப்பிட்டவரை நினைக்கச் சொன்னார்கள். வாரியவரை நினைக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லைப் போலிருக்கிறது.

இனிக் களப்பணி. பூச்சியம் மீற்றர் ஆழத்தில் ஒரு சுற்றுலா சாத்தியமா என்று பார்க்க, ஆய்வாளர் அனுமதி கேட்டு ஓர் உப்பளத்துக்குள் போனார். ஆவணி மாதம். தென்மேற்குக் காற்று ஆளைத் தள்ளியது. இதே காற்றுக்காகத்தான் வெள்ளைக்காரர் கற்பிட்டிக்குப் பறந்து வந்து பட்டம் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்குகிறார்கள். அவர்களை இழுக்கிற காற்றுத்தான் இங்கே உப்பைக் காய வைக்கிறது. இரண்டாவதற்கு மட்டும் ஹோட்டல் இல்லை.

வழிகாட்டியாக வாய்த்தவர் அங்கே வேலை செய்கிற ஒரு நானா. சீருடை இல்லை, சாரம். தலையில் துவாய். அவர் காட்டிய வரிசை இது: களப்புத் தண்ணீர் முதலில் பெரிய குளங்களுக்கு வருகிறது. அங்கே நின்று, அடுத்த குளத்துக்குப் போய், கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கிறது. கண்ணாடிக் குழாய்போன்ற ஒரு மானியை மிதக்கவிட்டு அந்தத் தடிப்பை டிகிரியில் பார்க்கிறார்கள். 25 டிகிரியைத் தொடும்போது பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் வானத்துக்குப் போயிருக்கும். அதற்கு முன்னரே ஜிப்சம் அடியில் படிந்துவிடும். உப்புப் பிடிப்பது பாத்தியில். 30 டிகிரிக்குக் கிட்டப் போகவிடாமல் மிச்சத் தண்ணீரை வெட்டிவிட வேண்டும், விட்டால் மக்னீசியம் இறங்கிக் கசப்பேறும்.

பாத்தியின் ஓரத்தில் குந்தியிருந்து பார்த்தால், தண்ணீர் இலேசான ரோசா நிறம். அந்தக் கரிப்பிலும் சாகாமல் வாழ்கிற நுண்ணுயிர்களின் நிறம் அது. மேற்பரப்பில் நகக்கண் அளவுச் சதுரங்கள் மிதந்தன. ஒவ்வொன்றும் நடுவே குழிந்து, படிபடியாக உள்ளே இறங்கியது. ஒரு சிறு அலை தட்டியதும் ஒன்று சரிந்து அடியில் போய் உட்கார்ந்தது. வியெலிச்காவில் 380 படி என்றால், இந்தச் சதுரத்துக்குள் இருந்த படிகளை எண்ணக் கண் போதவில்லை. ஆழக் கொள்கைக்கு இது ஆபத்தான அவதானிப்பு என்பதால் உடனே எழுந்துவிட்டேன்.

முறையியல் பிசகக்கூடாது என்று, அன்று வாரி வரம்பில் ஏற்றியிருந்த குவியலிலிருந்து ஒரு பரலை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. பின்னால் ஒரு கசப்பு, நாக்கின் வேர்வரை. நானா சிரித்தார். "புது உப்பத் தின்னக்கூடாது தம்பி. குமிச்சு வெச்சா கசப்பு வடிஞ்சு போகும். அதுக்குப் பொறகுதான் ஆலைக்கு." ஆலையில் கழுவி அரைத்து அயடீனும் சேர்க்கிறார்கள். 1995 முதல் அது சட்டம். கோடி வருடம் ஊறிய சுவரைச் சுற்றுலாப் பயணி நேராக நக்கலாம், நேற்றுப் பிறந்த உப்புக்குச் சில மாதப் பொறுமை வேண்டும்.

பதிலுக்கு மச்சானின் வீடியோவை அவருக்குக் காட்டினேன். தேவாலயம், சரவிளக்கு, வரிசையாக நிற்கும் வெள்ளைக்காரர். துவாயால் கைபேசிக்கு நிழல் பிடித்துக் கடைசிவரை பார்த்தார். டிக்கெட் எவ்வளவு என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்டது வேறு.

"உள்ளுக்கு வேல செஞ்சவங்களுக்கு நாள் முழுக்க நெழலா?"

"ஓம் நானா. வெயிலே படாது."

"எங்களுக்கும் நெழல் வாறதுதான்," என்று மேற்கே பார்த்தார். "கறுத்துக்கிட்டு வரும். வந்திச்சுண்டா பாத்தி முழுக்கக் கரைஞ்சிரும். பொறகு வேலையும் இல்ல, காசும் இல்ல."

நிழலை ஒரு மாறியாகச் சேர்த்தால் சமன்பாட்டின் குறியே மாறிவிடுமோ என்று குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். அதற்குள் அவர் பலகையைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட்டார். அங்கிருந்தே சத்தம் போட்டார்: "தம்பி, வரம்பில நிண்டு எழுதாதீங்க! நேத்துப் போட்ட மண், உடைஞ்சிரும்!"