ஐயாயிரம் ரூபாய் முதலாளி

2024 ஜூனில் சொந்தக் கட்சியின் 240 இடங்களோடு மூன்றாம் முறை பொறுப்பேற்ற மோடி அரசுக்கு, வேலையின்மை என்று ஒன்று இருப்பது ஜூலை பட்ஜெட்டில் திடீரென்று கண்ணில் பட்டது. அந்த வருடம் பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தில் சுமார் 60,000 காவலர் பணிகளுக்கு 48 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்த தேர்வின் வினாத்தாள் கசிந்து, தேர்வே ரத்தான கதை அதுவரை டெல்லிக்கு எட்டவில்லை போலும்.

மருந்தும் உடனே வந்தது. ஐந்தாண்டில் ஒரு கோடி இளைஞர்களுக்கு, நாட்டின் முதல் 500 நிறுவனங்களில் ஓராண்டுப் பயிற்சி. மாதம் 5,000 ரூபாய் என்றது அறிவிப்பு. இதில் 4,500 அரசு தரும், மீதி 500 நிறுவனம் தரும். ஆயிரக்கணக்கான கோடி லாபம் பார்க்கும் கம்பெனி அந்த ஐந்நூறை எங்கிருந்து புரட்டும் என்று கவலைப்பட வேண்டாம். சமூகப் பொறுப்பு நிதியில் எழுதிக்கொள்ளலாம். பையனுக்குச் சம்பளம், கம்பெனிக்குப் புண்ணியம். பயிற்சி முடிந்ததும் வேலை உண்டா? அதற்கு உத்தரவாதம் கிடையாது.

சொந்த ஊரை விட்டு, நகரத்தில் அறை எடுத்து, மூன்று வேளை சாப்பிட்டு, பஸ்ஸும் ஏறி, ஐயாயிரத்தில் மாதத்தை ஓட்டத் தெரிந்தவனுக்குப் பயிற்சி எதற்கு? அவனை நேரே நிதியமைச்சகத்தில் அல்லவா உட்கார வைக்க வேண்டும்!

நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வரும். முதல் சுற்றில் சுமார் 1.27 லட்சம் இடங்கள் திறந்தன. போய்ச் சேர்ந்தவர்கள் ஒன்பதாயிரம் பேர்கூட இல்லை.