வலையில் விழுந்த விண்வெளி

விண்வெளித் துறை வணிகமாகிறதாம், வரவேற்போம். 2019 நவம்பர் 27-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-47-ல் நாட்டுக்காக ஒரு கார்ட்டோசாட்-3, கல்லாவுக்காக 13 அமெரிக்கக் குட்டிச் செயற்கைக்கோள்கள். பாதுகாப்பும் பணமும் ஒரே ஷேர் ஆட்டோவில்!

ஆனால் முந்திக்கொண்டது நம் புதுச்சேரிதான். அதே ஆண்டு டிசம்பரிலேயே வம்பாகீரப்பாளையம் மீனவர் வலையில் பி.எஸ்.எல்.வி. பூஸ்டர் ஒன்று சிக்கியது. தூண்டில் இல்லை, டெண்டர் இல்லை; இழுத்து வந்துவிட்டார்கள். வஞ்சிரம்போல் துண்டுபோட முடியாது, அது ஒன்றுதான் குறை. இனி மீன்பிடித் தடைக்காலத்தில் ராக்கெட் பிடிக்கலாம். காரைக்காலில் கிளையும் திறக்கலாம்.

கார்ட்டோசாட்-3-க்கு 509 கி.மீ. உயரத்திலிருந்து 25 செ.மீ. பொருள்கூடத் தெரியும். வலை என்ன ஆயிற்று என்பதை மட்டும் வம்பாகீரப்பாளையத்துக்கு நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும்.