ஓ.டி.க்கு எந்த ஊர்?

ஓசூர்க் கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு ஒன்பதாவது மணி நேரம் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை. அத்திப்பள்ளிக் கடையில் நிற்பவருக்கு அதே ஒன்பதாவது மணி சாதாரண வேலை. நடுவில் இருப்பது மாநில எல்லை. தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் நாளுக்கு 8 மணி என்கிறது. கர்நாடகத்தின் 1961ஆம் ஆண்டுச் சட்டம் 9 என்கிறது. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் இருமடங்கு கூலி. கால்வலிக்கு மட்டும் எல்லை கிடையாது.

இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்கத்தான் சம்பள மென்பொருள் வந்திருக்கிறதாம். கிளைவாரியாக விதி போடலாம். எத்தனையாவது மணியிலிருந்து ஓ.டி., எத்தனை மடங்கு, காலாண்டுக்கு உச்சவரம்பு எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து அமல், எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. விற்க வருகிறவர் மாநிலப் பட்டியலைத் திரையில் விரித்துக் காட்டுவார். நிர்வாகம் தலையாட்டும். காசோலை கைமாறும். ஆறு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள். எல்லா ஊழியருக்கும் ஒரே ஊர்தான் இருக்கும்: தலைமை அலுவலகம்.

தலைமை அலுவலகம் பெங்களூரு என்றால், ஓசூர்க்காரரின் ஒன்பதாவது மணி மாதாமாதம் காணாமல் போகும். கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான் எடுக்குது சார்." சிஸ்டம் தானாக எதையும் எடுப்பதில்லை. யாரோ ஒருவர் அந்தக் கட்டத்தில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மலிவான ஊர்.

அதே மென்பொருளின் வருகைப் பதிவுப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஊழியர் நிற்கும் இடம் மீட்டர் கணக்கில் தெரியும். அவர் செல்போனிலேயே செயலி, அதற்குள் ஜி.பி.எஸ்., கேட்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வேலி. எதிரே உள்ள டீக்கடையில் நின்று பஞ்ச் அடித்தால் ஏற்காது. சில நிமிடம் தாமதமானால் அரை நாள் கட். ஆனால் மாலையில் 29 நிமிடம் கூடுதலாக உழைத்தால் கணக்கு பூஜ்யம். அரை மணிக்குக் குறைந்தால் ஓ.டி. இல்லையென்று விதி போட்டிருப்பார்கள். வெட்டும்போது செயற்கைக்கோள். கொடுக்கும்போது ஞாபகமறதி.

உச்சவரம்பின் கதை இன்னும் கேவலம். ஒரு காலாண்டில் இவ்வளவு மணிக்கு மேல் ஓ.டி. வாங்கக் கூடாது என்று சட்டம் சொன்னது மனித உடம்புக்காக. மென்பொருளில் அந்த எண் வந்ததும் ஓ.டி. எண்ணுவது நிற்கும். இயந்திரம் நிற்காது. ஆளும் நிற்கமாட்டார். அதற்கு மேற்பட்ட மணிகள் 'காம்ப்-ஆஃப்' (பதில் விடுப்பு) என்றோ 'இன்சென்டிவ்' என்றோ வேறு பெயரில் ஒளியும், அல்லது எந்தப் பெயரும் இல்லாமல் மறையும். ஆய்வாளர் வந்தால் பதிவேடு பளிச்சென்று இருக்கும். சட்டத்தை மீறுவதற்கே சட்டப்படி நடக்கும் மென்பொருள்!

முதலாளிகளை மட்டும் திட்டினால் அரசுகள் கோபித்துக்கொள்ளும். 2023இல் கர்நாடகம் தொழிற்சாலைகளின் காலாண்டு வரம்பை 75 மணியிலிருந்து 145 ஆக்கியது. ஆந்திரம் 2025இல் 144இல் நின்றது. ஒரு மணி நேரக் கருணை. தமிழ்நாடு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை 2023 ஏப்ரல் 21இல் சட்டப்பேரவையில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் 24இல் நிறுத்திவைத்து, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தது. பத்து நாளுக்கு முன் பறித்ததைத் தொழிலாளர் தினப் பரிசாகத் திருப்பிக் கொடுக்க ஒரு தனித் தெம்பு வேண்டும்.

குஜராத்துக்கு அந்தக் கூச்சமும் இல்லை. 2020 ஏப்ரலில், கொரோனாவைக் காட்டி, 12 மணி வேலை, கூடுதல் நேரத்துக்கு இருமடங்கு கிடையாது, சாதாரணக் கூலிதான் என்று அறிவிக்கை போட்டது. அக்டோபர் 1இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, உழைத்தவர்களுக்கு ஓ.டி. பாக்கியைக் கொடுக்கச் சொன்னது. மென்பொருளில் 2 என்பதை 1 ஆக்க எவ்வளவு நேரம் ஆகும், அந்த 1ஐ மறுபடி 2 ஆக்கி பழைய பாக்கியைக் கணக்கிட எவ்வளவு காலம் ஆகும் என்று எந்த எச்.ஆர். அதிகாரியையும் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் குழப்பத்தையெல்லாம் ஒழிக்கத்தான் 29 மத்தியச் சட்டங்களை 4 தொகுப்புகளாகச் சுருக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமல் என்றார்கள். ஓ.டி.க்கு இருமடங்கு என்றும் எழுதியிருக்கிறார்கள். அதிகபட்சம் எத்தனை மணி? அதை 'உரிய அரசு' முடிவு செய்யும். அதாவது மறுபடி மாநிலத்துக்கு ஒரு எண். மறுபடி கட்டங்கள். விற்பனையாளருக்கு அடுத்த வேட்டை.

நிறுவனங்கள் காத்திருக்கவில்லை. எல்லாக் கட்டத்துக்கும் மேலே ஒரு கட்டம் இருக்கிறது: 'ஓ.டி.க்குத் தகுதி உண்டா?' பெட்டி தூக்குபவரையும் பில் போடுபவரையும் 'எக்ஸிகியூட்டிவ்' ஆக்கி, அந்த டிக்கை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பதவிப் பெயரைப் பார்க்காதே, செய்யும் வேலையைப் பார் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. ஆனால் அந்த டிக்கை எடுக்க ஓசூரா அத்திப்பள்ளியா என்று யாரும் கேட்பதில்லை. நாடு முழுக்க ஒரே சீராக அமலாகியிருக்கும் ஒரே ஓ.டி. விதி அதுதான்.